கிட்னி தினத்தன்று குடித்த தண்ணீர்

கோயமுத்தூர் டவுன்ஹாலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜவுளிக்கடையில் நான் ஃப்ளோர் மேனேஜர். ஃப்ளோர் எனக்கு ஒரு நாளும் சிரமம் கொடுத்ததில்லை. அதன்மேல் நிற்கிறவர்களைத்தான் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக்கு ஒரு தடவை மைக்கைப் பிடித்து, "மாமியாருக்கு ஒண்ணு எடுத்தா மருமகளுக்கு ஒரு வாரம் நிம்மதிங்க" என்று கத்தப்போய், கடையில் என் பெயரே மைக் அண்ணன் என்று ஆகிவிட்டது. வயது ஐம்பத்தொன்று. சர்க்கரை உண்டு, தொப்பை உண்டு, எதற்கும் கையில் ஒரு ஜோக் உண்டு. சர்க்கரையும் தொப்பையும் என்னைத் தவிர யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் முதலாளிக்குத் தினங்களின்மேல் ஆசை வந்தது. காரணம் பெரிய தெருவில் இருக்கும் போட்டிக் கடை. இதய தினத்துக்கு அவர்கள் வேலையாட்களை இதய வடிவத்தில் நிற்கவைத்து, மாடியிலிருந்து படம் பிடித்து, பேப்பரில் வரவைத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் எங்கள் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, கல்லாவுக்கு மேலே தொங்கும் தினசரிக் காலண்டரில் உலகத்தில் உள்ள எல்லாத் தினங்களையும் குறிக்கச் சொன்னார். அமாவாசை, கிருத்திகை, கரிநாள், முகூர்த்தம் என்ற வரிசையில் உலக இதய தினம், உலகக் கை கழுவும் தினம், தேசிய அறிவியல் தினம் எல்லாம் ஏறி உட்கார்ந்தன. ஒரு வருடம் கரிநாளும் காசநோய் தினமும் ஒன்றாக வந்தபோது, காசநோயை அடுத்த நாளைக்குத் தள்ளிவைத்துக் கொண்டாடினோம்.

எல்லாத் தினத்துக்கும் நான்தான் பொறுப்பு. மைக் கையில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. இதய தினத்துக்குச் சிவப்பு பலூன் கட்டி, கொழுப்பைக் குறைக்க வேண்டியதைப் பற்றிப் பேசி, முடிந்ததும் எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தோம். அறிவியல் தினத்துக்கு ஏதாவது பரிசோதனை செய்து காட்டச் சொன்னார் முதலாளி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவப்பாக்கிக் காட்டினேன். சேலை எடுக்க வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஆரத்தி யாருக்குங் கரைக்கறீங்க? பொண்ணு வந்தாச்சுங்களா?" என்று கேட்டார். சர்க்கரை நோய் தினத்துக்குச் செலவே இல்லை. என்னையே மேடையில் நிற்கவைத்துவிட்டார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான், மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, உலக கிட்னி தினம் வந்தது.

அதற்கு முன்னால் எங்கள் முதல் மாடிக் கழிவறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதல் மாடியில் பத்தொன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். பட்டு, பூனம், சுடிதார், ஜாக்கெட் பிட் என்று பிரிவு பிரிவாக நிற்கிறார்கள். காலை ஒன்பதுக்கு வந்தால் ராத்திரி ஒன்பதரை. மாடியின் கோடியில், ஸ்டாக் அறையை ஒட்டி, பெண்களுக்கு ஒரே ஒரு கழிவறை. முன்பெல்லாம் அது திறந்தேதான் இருந்தது. ஒரு தீபாவளிச் சமயத்தில் அதற்குள் ஒரு ஜாக்கெட் பிட் கவரோடு கிடந்தது. திருடி ஒளித்துவைத்தது யார் என்று தெரியவில்லை. முதலாளி பூட்டு வாங்கி மாட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். யார் போனாலும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதல் மாதத்திலேயே சாவி இரண்டு முறை தொலைந்தது. முதலாளி என்னைத் திட்டினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. துணி அளக்கிற மீட்டர் கோல் ஒன்றில் நுனியில் ஓட்டை போட்டு, சாவியைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். மூன்றடிக்கு மேல் நீளமுள்ள சாவியை யாரால் தொலைக்க முடியும்? முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். யாராவது கோலை வாங்கிக்கொண்டு நடந்தால், "வழி விடுங்க, நிலம் அளக்கப் போறாங்க" என்பேன். சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும் பெண்களும் சிரித்தார்கள். வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். ஒரு கூட்டத்தையே சிரிக்கவைத்த திருப்தியில் நான் மத்தியானம் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் கோல் சுவரோரம் சும்மா சாய்ந்து கிடக்க ஆரம்பித்தது. ஆட்கள் பொறுப்பாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவது அவர்கள்தான். எங்கள் பக்கத்தில் கடைக்கு வந்தாலும் வீட்டுக்கு வந்தாலும் முதல் வார்த்தை தண்ணீர்தான். காங்கேயம் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஒன்பது பேர் வேன் வைத்து வருவார்கள். உட்கார்ந்ததும், "சிறுவாணித் தண்ணிங்களா அம்மணி?" என்று கேட்டு, சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். வறண்ட காட்டுக்காரர்களுக்கு எங்கள் ஊர்த் தண்ணீர் கல்கண்டு. ஊற்றிக் கொடுத்துவிட்டு, சொம்பைத் துடைத்து வைத்துவிட்டு, உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு அடுத்த சேலையை விரிப்பார்கள் இந்தப் பெண்கள்.

ஜாக்கெட் பிட் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். போத்தனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். எந்தச் சேலையைக் காட்டினாலும், அதற்குச் சேர்கிற ஜாக்கெட் துணியை ஆயிரம் பிட்டுக்கு நடுவிலிருந்து ஒரே இழுப்பில் இழுத்துப் போடுவாள். கண்ணாலேயே கலர் பிடிக்கிறவள். கிட்னி தினத்துக்குப் பத்து நாளைக்கு முன்னால் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்த அன்று, மாடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மடித்த மருந்துச் சீட்டோடு என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லு அம்மணி. லீவா?"

"லீவில்லீங்க. ஒண்ணுக்குப் போற எடத்துல கிருமி வந்து, அது மேல கிட்னி வரைக்கும் ஏறிருச்சுங்களாம். காய்ச்சல்ல ஆஸ்பத்திரில போட்டுருந்தாங்க. இது மூணாவது தடவைங்க. இனியொருக்கா வந்தா கிட்னியே கெட்டுப்போயிருமுன்னு டாக்டர் சத்தம் போடறாங்க. மணிக்கொருக்கா தண்ணி குடிக்கோணுமாம். அடக்கவே கூடாதாம்."

"குடிச்சுப்போடு. தண்ணிக்கா பஞ்சம்?"

அவள் சுவரோரம் சாய்ந்திருந்த கோலைப் பார்த்தாள். "குடிச்சா அதைத் தூக்கோணுமுங்களே. ஒரு நாளைக்கி எட்டுத் தடவை தூக்கிட்டு நடந்தா நீங்க எட்டு ஜோக்கு சொல்லுவீங்க. சாவிய மட்டும் கழட்டி எங்கிட்ட குடுத்துருங்கண்ணா. இல்லாட்டி நான் வேலைய விட்டுப்போட்டு ஊட்ல உக்கார வேண்டியதுதானுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோபத்துக்கும் ஒரு 'ங்க' உண்டு. இவள் சொன்ன 'ங்க' அந்த ரகம் இல்லை. நான், "மொதலாளிகிட்டப் பேசறேன்" என்றேன்.

பேசவில்லை. ஒரு நாள் அவர் நல்ல மனநிலையில் இல்லை. ஒரு நாள் இருந்தார், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் அவராகவே கூப்பிட்டு, கிட்னி தினத்துக்கு என்ன பேசப்போகிறேன் என்று கேட்டார். "தண்ணிதானுங்க மருந்து, நல்லாக் குடிக்கோணுமுன்னு பேசலாமுங்க" என்றேன். "அருமை" என்றார். வெளியே வந்துவிட்டேன்.

மாடிப்படித் திருப்பத்தில் தையல் மிஷின் போட்டு, சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கும் பாய் ஒருவர் உண்டு. நானும் அவரும்தான் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். நடந்ததை அவரிடம் ஒரு கதைபோலச் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"தலைவரே, நீங்க ஒரு நாளைக்கி எத்தனை தடவைங் போறீங்க?"

"சர்க்கரை இருக்குதில்லீங்களா பாய், ஏழெட்டு ஆகும்."

"எந்தக் கோல எடுத்துட்டுப் போறீங்க?"

ஆண்கள் கழிவறைக்குப் பூட்டே கிடையாது. நான் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "தண்ணி குடிங்கன்னு சொல்றதுக்கு மைக்கு. குடிச்சுட்டு வந்தா கோலு. நல்லாருக்குதுங் உங்க தினம்" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டத் தொடங்கினார்.  அன்றும் தயிர்சாதத்தை முழுதாகச் சாப்பிட்டேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை வந்தது. கடை திறப்பதற்கு முன்பே மாடியில் பேனர் கட்டியாயிற்று. அவரை விதை வடிவத்தில் இரண்டு பெரிய தெர்மாகோல் கிட்னிகள். அவற்றில் ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது, வெட்டியது நான்தான். முதலாளிக்குத் தூரத்து உறவில் கிட்னி டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் சிறப்பு விருந்தினர். பத்தொன்பது பெண்களும் வரிசையாக நிற்க வேண்டும், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் பிடிக்க வேண்டும், பேப்பர்காரர் படம் எடுப்பார்.

முதலாளி முன்கூட்டியே பெண்களிடம் சொல்லிவிட்டார். "பாட்டிலை யாரும் தொறந்துபோடாதீங்க. போட்டோ எடுத்ததும் அப்படியே பெட்டில வெச்சுருங்க. மத்தியானம் கல்யாண பார்ட்டி வருது, அவங்களுக்கு ஆகும்."

நான் மைக்கில் பேசினேன். கிட்னி எப்படி உடம்புக்குள் இருக்கும் சாயப்பட்டறைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று விளக்கினேன். கைதட்டினார்கள். டாக்டரம்மா என் அளவுக்கு நன்றாகப் பேசவில்லை. விஷயத்தைப் பற்றியே பேசினார். முடித்ததும் பெண்களைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, பாட்டிலை வெச்சுட்டு சாமி சிலையாட்ட நிக்கறீங்க? குடிங்க."

யாரும் அசையவில்லை. முதலாளி, "அப்பறம் குடிப்பாங்க டாக்டர்" என்றார். "அப்பறம் என்ன அப்பறம், மார்ச்சு வெயிலு இப்படி கொளுத்துது" என்று டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து, முன்வரிசையில் நின்றவளின் பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, அவள் கையிலேயே கொடுத்தார். முன்வரிசையில் நின்றவள் அந்த ஜாக்கெட் பிட் பெண்.

எங்கள் பக்கத்தில் கையில் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் இல்லை. பங்காளியோடு வரப்புச் சண்டைக்குப் போகிறவன்கூட, அந்த வீட்டுப் பொம்பளை சொம்பை நீட்டினால் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவான். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.  பிறகு அண்ணாந்து குடித்தாள். உதட்டில் படாமல், நிறுத்தாமல், பாட்டில் நசுங்கும் வரை குடித்தாள்.

டிக் என்று இன்னொரு மூடி உடைந்தது. பட்டுச் சேலைப் பிரிவு அக்கா. அப்புறம் சுடிதார். அப்புறம் எண்ண முடியவில்லை. பத்தொன்பது பேரும் அண்ணாந்து நின்றார்கள். பேப்பர்காரர் அதைத்தான் படம் எடுத்தார். மறுநாள் வந்த படத்தில் ஒருவர் முகமும் தெரியவில்லை, பத்தொன்பது கழுத்துகள்தான் தெரிந்தன. ஓரத்தில் என் தொப்பை.

விழா முடிந்து கடை திறந்தோம். டாக்டரம்மா கிளம்பவில்லை. மகள் நிச்சயத்துக்குப் பட்டு பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். முதலாளியே பக்கத்தில் இருந்து காட்டினார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த ஜாக்கெட் பிட் பெண் என் மேஜைக்கு முன் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா. சாவிங்க."

குரலைத் தாழ்த்தவில்லை. அவளுக்குப் பின்னால் பூனம் பிரிவுப் பெண். "அவங்களுக்கப்பறம் எனக்குங்கண்ணா." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஐந்து நிமிடத்தில் என் மேஜையிலிருந்து பட்டுப் பிரிவு வரை வரிசை. யாரும் யாரையும் தள்ளவில்லை. கொடுமுடிக் கோயிலில் தரிசனத்துக்கு நிற்பதுபோல் அடக்கமாக நின்றார்கள். டாக்டரம்மாவுக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்த அக்காவும், "ஒரு நிமிசமுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து கடைசியில் நின்றாள். விரித்த பட்டு பாதியில் கிடந்தது.

"என்ன கண்ணு வரிசை? எதுக்கு நிக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பாத்ரூம் சாவிக்குங்க டாக்டர்" என்றாள் ஜாக்கெட் பிட் பெண்.

"பாத்ரூமுக்குச் சாவியா? நீங்க ஒரு நாளைக்கி எத்தனை தடவை போவீங்க?"

"ஒருக்காங்க. ஊட்டுக்குப் போனதுக்கப்பறமுங்க."

 படியில் பாயின் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கையில் இருந்த சேலை முந்தியைக் கீழே வைத்தார். முதலாளி எழுந்தார். "அப்படியெல்லாம் இல்லீங்க டாக்டர். யாரு வேணா எப்ப வேணா போலாமுங்க. சாவி இதா இவருகிட்டத்தான் இருக்குது. இவருதான் எல்லாத்தையும் தமாசு பண்ணிட்டு..." என்று என்னைக் கைகாட்டினார். கைகாட்டியபோதே அவர் கண்ணில், ஒரு ஜோக் சொல்லி இதை முடித்துவை என்ற உத்தரவும் இருந்தது.

ஜோக் என்னிடம் இருந்தது. நல்ல ஜோக். இந்த வரிசையை வைத்து ஒன்று, அந்தப் பெரிய தெர்மாகோல் கிட்னியை வைத்து ஒன்று. மைக் இன்னும் மேஜைமேல்தான் கிடந்தது. எடுத்தேன். வாசல் ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தேன் என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. தெருவில் என் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது. நிறுத்தவில்லை.

"ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எனக்குச் சர்க்கரைங்க. ஒரு நாளைக்கி எட்டுத் தடவை போறேன். இருவது வருசத்துல ஒருத்தருகிட்டயும் சாவி கேட்டதில்லைங்க. இவங்க கேக்கோணும். கேட்டு வாங்குனா, இந்தக் கோல தூக்கிட்டு, சேலை எடுக்க வந்த அத்தனை பேரு முன்னாலயும் நடக்கோணும். நடந்தா நான் ஜோக்கு சொல்லுவேன். அதுக்குப் பயந்துட்டு தண்ணியே குடிக்கறதில்லைங்க. கோல்ல சாவிய கட்டுன புத்திசாலி நான்தானுங்க. வேற யாருமில்லைங்க. இனிமே அந்தக் கதவுக்குப் பூட்டு கெடையாதுங்க."

பாயின் மிஷின் நின்றது.

நடந்து போய்ப் பூட்டைத் திறந்தேன். பூட்டை என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். கம்பியை அவிழ்த்து, மீட்டர் கோலைச் சட்டைத்துணிப் பிரிவில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே இத்தனை நாளாக ஒரு கோல் குறைகிறது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் செய்து முடித்ததும் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். வீரம் என்பது ஜாடையில் சர்க்கரை குறைவதுபோலவே இருக்கிறது. ஒரு மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் நான்கு மணி டீ நேரத்தில் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்று சாப்பாடு பரிமாறியவர். அதனால்தான் அவரிடம் எதிர்த்துப் பேசுவது இவ்வளவு கஷ்டம்.

"ஏனுங், இருவது வருசப் பழக்கம். எங்கிட்டத் தனியா வந்து சொல்லியிருக்கலாமுல்ல? தெருவுக்கே கேக்குதுங்க."

"சொல்லியிருக்கோணுமுங்க. பயந்துட்டேன்."

"சரி. பூட்டு எங்கீங்க?"

"பையில இருக்குதுங்க."

"குடுங்க."

"தர்றதில்லைங்க."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணுமுங்க. பூட்டுத்தான் வேண்டாமுங்க."

அவர் டம்ளரை மறுபடி எடுத்து மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிறகு, மைக்கை இனிமேல் நான் தொட வேண்டாம் என்றார். கீழ்த்தளத்தில் பெட்ஷீட் பிரிவுக்குப் போகச் சொன்னார். பெட்ஷீட் பிரிவு என்பது எங்கள் கடையில் அந்தமான். போனேன். அங்கிருந்து கல்லா நன்றாகத் தெரியும், அது ஒன்றுதான் வசதி.

மறுநாள் காலை மாடியில் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டியிருந்தது. பழையதைவிடப் பெரியது. சாவியை முதலாளி யாரையும் நம்பிக் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். தப்பு செய்துவிட்டார் என்பது எனக்கு உடனே தெரிந்தது. அவருக்குத் தெரிய பதினொரு மணி ஆனது.

பதினொரு மணிக்கு ஜாக்கெட் பிட் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கல்லாவுக்கு முன்னால் கை கட்டி நின்றாள்.

"மொதலாளிங்க. பாத்ரூம் போகோணுமுங்க. சாவிங்க."

அந்த 'ங்க' ஒவ்வொன்றும் கல்லா மேஜைமேல் தனித்தனியாக விழுந்தது. பில் போட நின்ற நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி முகம் சிவந்து, சாவியை எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "ரொம்ப நன்றிங்க மொதலாளி." அவள் படி ஏறும்போதே அடுத்தவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மொதலாளிங்க. சாவிங்க."

யாரும் கோஷம் போடவில்லை. யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மணிக்கொரு தடவை ஒவ்வொருத்தியாக வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள், இரண்டு கையாலும் கொடுத்தார்கள், நன்றி சொன்னார்கள். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது? மரியாதையில் ஒரு குன்றிமணி குறையில்லை. அன்று மத்தியானம் முதலாளியின் சம்பந்தி காங்கேயத்திலிருந்து வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர். மூன்றாவது பெண் வந்து கேட்டுவிட்டுப் போனதும் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"ஏனுங் சம்பந்தி, மில்லுல நானும் அம்பது பொம்பளையாளுங்கள வெச்சு வேலை வாங்கறேன். இந்தக் கணக்கை நான் பாத்ததில்லீங்க. இதையுமா நீங்களே பாக்கறீங்க?"

முதலாளி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்த நான் ஒரு போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் பாயும் படியில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் சாப்பாட்டுப் பையோடு கடந்து போனாள். கூப்பிட்டேன்.

"இது யாரு யோசனை அம்மணி?"

"யோசனை என்னுங்கண்ணா இதுல? கேட்டுத்தான் போகோணுமுன்னா கேட்டுருவோம். ஆனா சத்தமாக் கேப்போம். அவ்வளவுதானுங்க."

"நீ எங்கிட்ட வந்த அன்னைக்கே நான் பேசியிருக்கோணும்."

"ஆமாங்கண்ணா" என்றாள். "பேசியிருக்கோணும்."

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நின்று, நான் வேறு ஏதாவது சொல்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பாய் தன் டிபன் மூடியில் இரண்டு கறித்துண்டை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமையும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தக் கூட்டம், கடை நிரம்பி வழிந்தது, அன்றும் கேட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்து, வாடிக்கையாளர்களிடம் "கொஞ்சம் வழி விடுங்க, மொதலாளிகிட்ட பாத்ரூம் சாவி வாங்கோணுமுங்க" என்று சொல்லிக் கேட்டார்கள். திங்கட்கிழமை காலை பூட்டு கதவில் இல்லை. யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று யாரும் பேசவில்லை. முதலாளி அந்தப் பக்கமே பார்க்காமல் மாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பட்டுப் பிரிவில் விளக்கு மங்கலாக இருக்கிறது என்று திட்டிவிட்டு இறங்கினார். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

அடுத்த மாதச் சுகாதார தினத்துக்குக் கூட்டம் நடந்தது. மைக்கில் இப்போது அக்கவுன்ட்ஸ் பையன் பேசுகிறான். ஜோக் இல்லாமல், எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறான். நான் கடைசி வரிசையில் நின்று கைதட்டினேன். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மைக்குக்காக அந்தப் பூட்டைத் திருப்பிக் கொடுப்பேனா என்று கேட்டால், கொடுக்கமாட்டேன். இன்னும் பத்துத் தடவை பெட்ஷீட்டுக்கு அனுப்பினாலும் கொடுக்கமாட்டேன்.

ஒரு நாள் முதல் மாடிக்குத் தலையணை உறை கொடுக்கப் போனேன். ஜாக்கெட் பிட் பிரிவில் ஒரு பெரிய குடும்பம் உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பெண், அம்மா, அத்தைமார்கள், ஓரத்தில் அப்பாவும் சித்தப்பாவும். பதினாறு சேலைக்கு ஜாக்கெட் துணி சேர்க்கிற வேலை. அவள் பாதி முடித்திருந்தாள். டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு, கிருமி இல்லை, தண்ணீரை மட்டும் விட்டுவிடாதே என்றாராம். அவளே சொல்லியிருந்தாள்.

கையில் இருந்த மாம்பழக் கலர்ப் பிட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் எல்லாரையும் பார்த்து, சாதாரணமாக, மாடி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பாத்ரூம் போயிட்டு வாரேனுங்க. அஞ்சு நிமிசமுங்க."

சித்தப்பா கூரையைப் பார்த்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா, "போயிட்டு வா கண்ணு. நாங்க எங்க ஓடியா போறோம்?" என்றார். பிறகு தன் மகளைப் பார்த்து, "நீயும் போறதுன்னா கூடப் போயிட்டு வா. ஊட்டுல இருந்து கெளம்புனது" என்றார். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.

திரும்பி வந்தவள் முதல் வேலையாகக் கவுன்டருக்குக் கீழே இருந்த தன் பாட்டிலை எடுத்தாள். அண்ணாந்து, நிதானமாக, பாதி பாட்டில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த சேலைக்குப் பிட்டை இழுத்தாள். ஒரே இழுப்புதான்.